படி திரும்பும் இடம்

தெஹியோவிட்ட டவுனில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் ஒரு மாடிக் கட்டடம். கீழே வீட்டுக்காரி கனகாம்பிகை அம்மா. மேலே வரிசையாக மூன்று அறைகள், மூன்று குடும்பங்கள். நடு அறை ஏழுமலையுடையது என்று யாராவது சொன்னால் அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வாடகைக்கு இருப்பவனுக்கு ‘உடையது’ ஏது? ஆகவே ஏழுமலையும் அவன் மனைவி புஷ்பமும் மகள் தர்மிளாவும் நடு அறையில் ஒண்டியிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டு பேரும் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் முடித்தவர்கள். தர்மிளா படிப்பில் கெட்டிக்காரி. தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேரான பஸ் இல்லை. மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடுதான் வகுப்பில் உட்காருவாள். பல்கலைக்கழகம் போவதற்கு ஏ.எல். படிக்கப் போகிறவள் இப்படி அலைந்தால் ஆகாது என்று புஷ்பம்தான் பிடிவாதம் பிடித்தாள். ஏழுமலை வேலையை விட்டு, தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டான். பேர் போனால், குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும் என்பது தெரிந்துதான் செய்தான். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினான். புஷ்பம் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள்.

அந்த அறையில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. பிறந்ததிலிருந்து புகை அடைந்த காம்பராவில் கிடந்த புஷ்பத்துக்கு அந்த ஜன்னல் பெரிய சொத்து. வந்த புதிதில் வேலையெல்லாம் போட்டுவிட்டு அதில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். அவிசாவளை பஸ் போகிறது என்று ஏழுமலைக்கு அறிவிப்பாள், அவனுக்கு என்னவோ கண் தெரியாத மாதிரி.

கனகாம்பிகை அம்மா போட்ட சட்டங்களைச் சுவரில் எழுதினால் சுவர் போதாது. முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது. தோட்டத்து ஆட்கள் கூட்டமாக வரக் கூடாது. விளக்கு வைத்தபிறகு அம்மியில் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே செருப்பு. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கவே கூடாது. கீழே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும், கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மறந்துபோய் ஒரு செருப்பைப் படியில் விட்டால் அன்றைக்கு முழுவதும் அதே பேச்சுத்தான்.

அந்த அம்மாவின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். புருஷன் சிவம், தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து, இருந்த காசையெல்லாம் கொட்டிக் கட்டிய கட்டடம் அது. கட்டி முடித்த கையோடு அந்த மனிதர் முன் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சாவு விழுந்த வீடு என்று டவுன் முழுக்கப் பேச்சு. ஒரு வருஷம் மேல் மாடிக்கு யாரும் குடிவரவில்லை. அந்த அம்மா ஒரு நேரச் சோற்றோடு காலம் தள்ளினார். ஊரிலிருந்த வீடும் சண்டையில் போய்விட்டது. இனி இந்தக் கட்டடத்தில் இன்னொரு சாவு விழ விடுவதில்லை என்று அவர் வைராக்கியம் வைத்ததில் நியாயம் இருக்கலாம். ஆனால் சாவு ஒருவரைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

இடப்பக்க அறையில் தையல்காரர் ஜுனைதீன் இருந்தார். அவருடைய வாப்பா படுக்கையில் விழுந்தார். கனகாம்பிகை அம்மா மேலே வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்: “நோயாளியை வச்சுப் பாக்கிறதுக்கு இது ஆஸ்பத்திரியில்லை. இந்த மாசத்தோட வேற இடம் பாருங்கோ.” ஜுனைதீன் கிழவரைப் பாயோடு தூக்கிக்கொண்டு போனதை ஏழுமலையும் புஷ்பமும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஏழுமலை ஒரு கை கொடுத்தும் விட்டான்.

அடுத்த வருஷம், 2006இல், புஷ்பத்துக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வந்தார்கள், திரும்பவும் போனார்கள். கடைசியில் டொக்டர் ஏழுமலையை மட்டும் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் தன்மையாகச் சொன்னார். எந்த வீட்டில் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் புஷ்பம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். ஆகஸ்டில் தர்மிளாவுக்கு ஏ.எல். சோதனை. அதுவரை அறை கையில் இருக்க வேண்டும். சண்டை திரும்ப மூண்டு, தமிழ்ப் பேரைக் கேட்டாலே டவுனில் புது ஆட்களுக்கு அறை கொடுக்கப் பயந்த நேரம் அது. பொலிசில் பதிய வேண்டும், நமக்கேன் வம்பு என்பார்கள். தோட்டத்திலோ போய்ப் படுக்கக் காம்பரா இல்லை.

“புள்ள சோதன எழுதி முடிக்கிற வரைக்கும் நான் சொகமாத்தாங்க இருக்கேன்,” என்றாள். “அந்தம்மா கேட்டா அப்புடியே சொல்லுங்க. புள்ளகிட்டயும் அல்சர்னே சொல்லுங்க.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது வேஷம். கனகாம்பிகை அம்மா காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, படிக்கட்டுக்கு நேரே கதிரையைப் போட்டு உட்காருவார். அவர் கண்ணில் படாமல் ஒரு காக்கைகூட மேலே போக முடியாது. மேல்மாடிப் பெண்கள் முற்றத்துப் பைப்பில் தண்ணீர் பிடிக்கக் கீழே வருவார்கள். இரண்டு நாள் வராவிட்டால், “எங்க உம்மட மனிசியைக் காணேல்லை?” என்று கேள்வி வரும். ஆகவே புஷ்பம் தினமும் இறங்கினாள். மெலிந்தது தெரியாமலிருக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஜாக்கெட் போட்டாள். முகத்துக்குப் பவுடர், பெரிய பொட்டு, தலையில் ஒரு பூ. சின்ன வாளியில் அரைவாசி தண்ணீர் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் வெயிலைப் பற்றியோ தேங்காய் விலையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசிவிட்டு, நிமிர்ந்து படியேறுவாள்.

அந்தப் படிக்கட்டு பாதியில் ஒரு திருப்பம் திரும்பும். திருப்பத்துக்கு மேலே கதிரையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏழுமலை அங்கே வெறுங்காலோடு, மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டிருப்பான். திருப்பத்தைத் தாண்டிய அடுத்த நொடி புஷ்பம் அப்படியே அவன் மேல் சாய்வாள். ஒரு கையில் வாளியையும் ஒரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு மேலே வருவான். ஒவ்வொரு வாரமும் அவள் பாரம் குறைந்துகொண்டே போனது. சீமெந்து மூட்டை தூக்குகிற தோளுக்கு அந்தக் கணக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. அதை நினைத்துக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுவான். வீட்டில் அழ வழியில்லை, கீழே கேட்டுவிடும்.

புஷ்பத்துக்கோ அதிலும் ஒரு விளையாட்டு. “காமன் கூத்துல ஆம்பளங்க ரதி வேஷம் கட்டுவாங்கல்ல,” என்றாள் ஒரு நாள், பாயில் மூச்சு வாங்கியபடி. “நான் சொகமா இருக்கிற புஷ்பம் வேஷம் கட்டுறேன். நல்லாருக்கா?” நன்றாகத்தான் இருக்கிறது என்றான் ஏழுமலை. வேறு என்ன சொல்வது?

சோதனை தொடங்கியது. இரண்டு பாடம் முடிந்தது. அன்றைக்கு மூன்றாவது பாடத்தின் முதல் தாள். மிச்சமிருந்த ஒரு தாள் அடுத்த கிழமை. தர்மிளா புறப்படும்போது புஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் நெற்றியில் திருநீறு பூசி, நிதானமாக எழுது என்றாள். ஜன்னல் வழியாக மகள் ஒழுங்கையைத் தாண்டும்வரை பார்த்தாள். பிறகு, தண்ணிக்கு இறங்க நேரமாகிவிட்டது, தலையைச் சீவிவிடுங்கள் என்று கணவனிடம் கேட்டாள். ஏழுமலை சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். பாதி சீவுவதற்குள் தலை அவன் மடிக்கு வந்துவிட்டது. தூங்குகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் சீவினான்.

பிறகு தெரிந்தது. வாயைத் திறந்தான்; திறந்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். கீழே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு சத்தம் போட்டால் போதும், சாயங்காலம் மகளின் புத்தகங்கள் முற்றத்தில் கிடக்கும். அதற்காகவா இவள் இத்தனை நாள் படியிறங்கினாள்?

கடைக்குச் சாமான் ஏற்றுகிற த்ரீவீல்காரன் புவாட் அவனுக்கு வேண்டியவன், விஷயம் தெரிந்தவன். போன் போட்டதும் வந்தான். வாசலில் நின்று ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஏழுமலை பொட்டை நேராக்கினான். பூவை வைத்தான். முந்தானையைத் தலையில் போட்டான். புறப்படப்போகும்போது செருப்பு நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவள் செருப்பில்லாமல் போவாளா? அந்த அம்மாவின் கண் முதலில் போவது செருப்புக்குத்தான். புஷ்பத்தின் செருப்பை விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டு, அவளை இரண்டு கையிலும் தூக்கினான். புவாட் முன்னால் இறங்கினான். திருப்பத்தில் ஏழுமலையின் கால் நின்றுவிட்டது. பழகின கால், அங்கேதான் நிற்கும். புவாட் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஏழுமலை மிச்சப் படிகளை இறங்கினான்.

“என்ன, மனிசிக்கு என்ன?” என்று எழுந்தார் கனகாம்பிகை அம்மா.

“காலையில இருந்து தல சுத்துதுங்கம்மா. டொக்டர்கிட்ட காட்டிட்டு வந்துர்றோம்.”

குரல் நடுங்கவில்லை. அதற்காக அவன் தன்னைப் பிறகு நெடுநாள் மன்னிக்கவில்லை. புஷ்பத்தின் முகத்தைத் தன் மார்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அந்த அம்மா பார்த்தது முந்தானையைத்தான். அவளை வண்டியில் சாய்த்துவிட்டுத் தானும் ஏறப்போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏழுமலை, செருப்பொண்டு படியில கிடக்குது. எத்தினை தரம் சொல்லுறது?”

திரும்பிப் போனான். மூன்றாம் படியில் புஷ்பத்தின் இடது செருப்பு கிடந்தது. குனிந்து எடுத்தான்.

“கொண்டு போம்,” என்றார் அந்த அம்மா, இம்முறை கொஞ்சம் தணிந்த குரலில். “திரும்பி வரேக்க அவ வெறுங்காலோடயே வாறது?”

“ஆமாங்கம்மா,” என்றான்.

டவுன் தாண்டி, ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வந்தபிறகு புவாட் வண்டியை ஓரங்கட்டினான். “இனி அழுங்க அண்ணே. இங்க யாருமில்ல,” என்றான். ஏழுமலைக்கு அழுகை வரவில்லை. ஒரு கையால் புஷ்பத்தையும் மறு கையால் செருப்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் மஹரகம கிளினிக் கொப்பியைப் பார்த்த டொக்டர் அதிகம் கேட்கவில்லை. அங்கிருந்தே தோட்டத்துக்குக் கொண்டுபோய், புஷ்பத்தின் தம்பி காம்பரா வாசலில் கிடத்தினார்கள். அன்றைய தாளை எழுதிவிட்டு வந்த தர்மிளாவைப் புவாட்தான் கூட்டி வந்தான். அம்மா எப்படிப் போனாள், கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவள் கேட்டுக் கேட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் என்று அப்பா சொன்னார். உண்மையைச் சொன்னால் பிள்ளை வாய்தவறிக் கீழே சொல்லிவிடும், இன்னும் ஒரு தாள் இருக்கிறது. அம்மா வார்டில் யாரோ தெரியாதவர்களுக்கு நடுவே தனியாகச் செத்துப்போனாள் என்று நம்பிக்கொண்டே தர்மிளா அந்தக் கடைசித் தாளை எழுதினாள்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது. இனி டவுனில் தனக்கு என்ன வேலை என்று ஏழுமலை எஹலியகொடப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டப் போவதாகச் சொல்லி அறையை விட்டான். சாமானெல்லாம் கட்டிக்கொண்டிருந்தபோது கனகாம்பிகை அம்மா அறை பார்க்க வந்த ஒரு புதுத் தம்பதியை மேலே அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை. ஜன்னலில் போய் நின்று ரோட்டைப் பார்த்தாள்.

“ஒண்டும் யோசிக்காதேங்கோ,” என்றார் கனகாம்பிகை அம்மா. “என்ர மனுசன் முன் அறையில போனது உண்மைதான், அது கீழ. இந்த மேல் மாடியில ஒரு சாவும் விழேல்லை. இவையின்ர மனிசியும் ஆஸ்பத்திரியிலதான் போனவ. வேணுமெண்டா ஏழுமலையைக் கேட்டுப் பாருங்கோ.”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தர்மிளாவும் பார்த்தாள். புஷ்பம் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது. சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. ஜன்னலில் நின்ற அந்தப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“ஆமாங்க. இங்க ஒண்ணும் நடக்கலங்க,” என்றான் ஏழுமலை. “நல்ல காத்து வரும்.”

கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் இறங்கினான். திருப்பத்தில் கால் நின்றது. அப்பா வாங்க என்று கீழேயிருந்து தர்மிளா கூப்பிட்டாள். வாறேன்மா என்று சொன்னானே தவிர, மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, இத்தனை மாதத்துக்குப் பிறகு, வாயைப் பொத்தாமல் அழுதான்.