உப்புப் பார்க்காமல் சமைத்த நோன்பு

சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தோம். பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ரியாத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனேன். நான் சைவ சமயக்காரி, முஸ்லிம்களின் நோன்பு முறை தெரியாது. "நோன்பு மாசத்திலை பகலிலை வாயிலை ஒண்டும் வைச்சிடாதேங்கோ, பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்று ஏஜென்சிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தப் பயத்தில் முதல் நோன்பிலிருந்தே பகலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலை சுற்றும். ஒருவரிடமும் சொல்லவில்லை. உப்பும் கைக்கணக்கில்தான் போட்டேன்.

ஆறாம் நாள் நோன்பு திறக்க விருந்தாளிகள் வந்தார்கள். சூப்பை வாயில் வைத்த ஒருவர் அப்படியே துப்பிவிட்டார். களைப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா சமையலறைக்கு வந்து கத்தினார். திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்றுதான் நினைத்தேன்.

கூட வேலை செய்த, கொழும்பு கொம்பனித்தெருவைச் சேர்ந்த றமீஸா, "ருசி பாக்கல்லயா நீ?" என்று கேட்டாள்.

"நோன்பெல்லே அக்கா. நானும் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

"அல்லாஹ்வே! நாங்க எல்லாரும் நோன்பு, உப்புப் பாக்க ஏலா எண்டுதானே ஒன்ன சமைக்க வெச்சிருக்கு!"

அவள் அதை அரபியில் சொன்னதும் வீட்டுக்கார அம்மா கத்துவதை நிறுத்தினார். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இப்போது கொட்டாஞ்சேனையில் வீடுகளில் சமைக்கிறேன். எங்கே போனாலும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன். கேட்டதற்காக ஒருவரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வழியில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் மட்டும், என் யாழ்ப்பாணப் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று இன்னும் வாய் திறப்பதில்லை.