கழுவிக் கொடுத்த கண்ணாடிக் குழாய்கள்

"மூணு நாளா லிஃப்ட் வாசல்ல ஆக்ஸிஜன் மெஷின் நிக்குது. பொண்ணு பார்க்க வந்தவங்க, இந்த மாடியில யாருக்கு சீரியஸ்னு கேக்கறாங்க" என்று எதிர் ஃபிளாட் ஜோஷி அம்மாள் ஹிந்தியில் பிடித்துக்கொண்டார். நாளைக்குப் போய்விடும் என்றேன். திங்களன்றும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

மருத்துவச் சாமான்களை நன்கொடையாக வாங்கி, புனேயிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி மலைக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் பாம்புக்கடி வைத்தியத்துக்காக அனுப்புவது என் சம்பளமில்லாத உத்தியோகம். பாம்புகூடப் பரவாயில்லை, அக்கம்பக்கம்தான் கஷ்டம் என்பது இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும். ஜோஷி அம்மாள் போகும்போது சொன்னார்: "அதுவரைக்கும் ஒரு வெள்ளைத் துணியாவது போட்டு மூடுங்க."

விமான் நகர் வள்ளல்

மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை தருவதாகச் சொல்லி புனே விமான் நகரில் இருக்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரர் வரச்சொன்னார். வெயிலில் போனேன். பை, அவருடைய அப்பாவைக் கவனிக்க வந்த நர்ஸுடையதாம், அவள் கொண்டுபோய்விட்டாளாம். அப்பாவின் கைத்தடியை நீட்டினார். பாம்புக்கடிக்குக் கைத்தடி எதற்கு என்று கேட்டேன். "ஏனுங்க, பாம்படிக்கவாவது ஆகுமில்லீங்க?"

நாற்பது குழாய்கள்

அந்த ஆஸ்பத்திரியில் லேப் கிடையாது. கடிபட்டவரின் ரத்தத்தைப் புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று விஷமுறிவு மருந்தை ஏற்றுவார்கள். இங்கே புனேயில், கோந்த்வாவில் ஓர் ஆசிரியை, பெட்டி பிரிக்காத நாற்பது குழாய்கள் கொடுத்தார். பெட்டியின் மேல் விரல்கடை தூசி. நகத்தைக்கூட நீட்டச் சொல்லிச் சோதித்த கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து, ஒவ்வொன்றையும் பிரஷ் விட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்த என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "வந்த பொருளை வந்தபடி அனுப்பணும்."

டாக்டரின் போன்

அங்கிருக்கும் பெண் டாக்டர் என்னைக் காக்கூ என்பாள், நம் சித்தி மாதிரி. நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைப் பாம்பு கடித்ததென்று அழைத்து வந்தார்களாம். காலில் வீக்கமில்லை, வலியில்லை, ஆனால் நான் அனுப்பிய குழாயில் ரத்தம் உறையவில்லை. கையில் இருந்ததோ ஒரே ஒரு ஆளுக்கான மருந்து. ஏற்றப்போனவளுக்கு ஏதோ சந்தேகம். தன் ரத்தத்தையே எடுத்து என் இன்னொரு குழாயில் விட்டு வைத்தாளாம். அதுவும் இருபது நிமிடம் தண்ணீராகவே நின்றது. சோப்பு பட்ட கண்ணாடியில் ரத்தம் உறையாதாம். எனக்கு யார் சொன்னார்கள்? அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "காக்கூ, என்னை எந்தப் பாம்பும் கடிக்கலை."

குரூப்பில் போட்டது

நாற்று நட்டவளைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து, மறுநாள் நடத்தியே வீட்டுக்கு அனுப்பினார்களாம். நாற்பது குழாய்களும் குப்பைக்குப் போயின. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து அழுக்காக எதுவும் வெளியே போனதில்லை என்பதுதான் என் பெருமையாக இருந்தது. நேற்றுக் காலை எங்கள் அடுக்குமாடி சொஸைட்டி வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஜோஷி அம்மாள் உட்பட எல்லோரும் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது:

"கண்ணாடி டெஸ்ட் டியூப் குறைந்தது பத்து வேண்டும். புதுசு, பிரிக்காதது. பிளாஸ்டிக் ஆகாது. மழை பிடித்துவிட்டது, வியாழக்கிழமை வண்டி போகிறது. தயவுசெய்து யாரும் கழுவித் தராதீர்கள்."