கரையில் வெயில், ஏரியில் நான்கு டிகிரி

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் வடகரை ஊரில் வானொலிக்கு வானிலை வாசிப்பவள் ஐலி. மே மாதக் கடைசியில் கோடை முன்னறிவிப்பு வந்தது: வெயில் வழக்கத்தைவிட அதிகம், மழை குறைவு.

நிலையத்தை நடத்தும் லோர்ன் தாளை நீட்டினான். "அப்படியே வாசிச்சிடுங்க ஐலி. ஆறு மாசமா பனி அள்ளின ஜனங்க, கொஞ்சம் சந்தோஷப்படட்டும்."

"படட்டும். கரையில நின்னு படட்டும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வெப்பமானியோடு படகுத்துறைக்கு நடந்தாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் இதே மாதிரி அறிவிப்பைச் சிரித்துக்கொண்டே வாசித்தவள் அவள். "இந்த வருஷம் நல்லா நீந்தலாம்!" என்று தானாகச் சேர்த்தும் சொன்னாள். அவள் கணவன் ரெய்னோ அன்று மாலை சானா என்னும் நீராவி அறையில் வியர்த்துவிட்டு ஏரியில் குதித்தான். எப்போதும் குதித்த வேகத்தில் ஏறிவிடுபவன், அன்று மனைவியின் பேச்சை நம்பி மிதவை வரை நீந்தப் போனான். பாதி வழியில் குளிர் அவன் கைகால்களை முடக்கிப்போட்டது. அவன் உயிரோடு கரை திரும்பவில்லை.

வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. ஐலி திரும்பி வந்து அறிவிப்பை வாசித்தாள். தண்ணீரின் குளிரையும் சொன்னாள். வாசிப்பு முடிந்ததென்று லோர்ன் ஒலிவாங்கியை அணைக்கக் கை நீட்டினான். அதற்குள் அவள் குரல் தாழ்ந்தது.

"குதிச்ச உடனே ஏறிடு, ரெய்னோ."

ஊர் முழுவதும் அதைக் கேட்டது.