பூஞ்சணம் பூத்த காணிக்கை

"மேபல் மேடம் கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சுட்டாங்க" என்று சபைச் செயலர் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் அடக்க ஆராதனையில் அவரே எழுந்து, "அவங்க ஒரு சாந்த சொரூபி" என்று பேசினார். நான் அக்கா என்று கூப்பிடும் மேபலுக்குச் சாந்தம் ஆகவே ஆகாது. தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் அவர் தாவரவியலும் நான் தமிழும் நடத்தினோம். பிடிக்காததைக் கண்டால் முகம் சுளிக்கிறவர் அவர், அதை மறைக்கிற நாகரிகம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

ரயில் நிலைய வாசலில் என்னைப் பழரசம் குடிக்கவே விடமாட்டார். "உள்ள எதை அரைச்சானோ, யார் கண்டது?" என்பார்.

எண்பதுகளில் சேலையூரில் எங்கள் சபை விளைச்சலுக்கு நன்றி சொல்லி நடத்திய அந்த அறுப்பின் பண்டிகை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். காணிக்கையாக வரும் காய்கனிகளைப் பீடத்தின் முன் அடுக்கி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். அந்த வருடம் இதே செயலர் பெட்டி பெட்டியாகக் காஷ்மீர் ஆப்பிள் படைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் ஈரச் சுவர் நாற்றம் அடித்தது. யாரும் ஏலம் கேட்கவில்லை.

"வழியில அடிபட்டிருக்கு, அவ்வளவுதான். அந்த இடத்தை அரிஞ்சுட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஜாம் காய்ச்சுங்க. ஆண்டவருக்குப் படைச்சதைக் குப்பையில கொட்டலாமா?" என்றார் செயலர். அவர் மனைவி அடுப்பைப் பற்றவைத்தார். மற்ற பெண்கள் கத்தியோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா ஒரு பழத்தை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "அடிபட்டா பழுப்பாகும், இப்படி நாறாது" என்று சொல்லித் தேக்கரண்டியைச் செருகினார். கொழகொழத்த சதை நீர் சொட்டச் சொட்ட, நல்ல பகுதியை விட்டுத் தனியே கழன்று வந்தது. தோலில் வெள்ளைப் பூஞ்சணம், அதன் நடுவே நீலப்பச்சைத் தூள்.

"இது நீலப் பூஞ்சை அழுகல். தோல்ல இருக்கற காயத்து வழியா உள்ள போயிடும். அரிஞ்சு எறிஞ்சாலும், வேக வச்சாலும் விஷம் முழுசாப் போகாது" என்றார்.

"காலேஜ் பாடத்தைக் கோயில்ல நடத்தாதீங்கம்மா" என்று செயலர் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள், வெட்கமில்லாமல்.

அக்கா கரண்டியை அவர் பக்கம் நீட்டினார். "அப்ப சரி. ஜாம் இறக்கினதும் முதல்ல நீங்க சாப்பிடுங்க. அப்புறம் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்."

"எனக்கெதுக்கு இது? நான்தான் நல்லதா வீட்ல எடுத்து வச்சிருக்கேனே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு அடுப்பை அணைத்தார். ஆப்பிள் முழுவதையும் கோயிலுக்குப் பின்னால் குழிவெட்டிப் புதைத்தோம்.

பிள்ளைகள் தப்பினார்கள். அக்கா தப்பவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் அவரைச் சேர்க்கவில்லை, வேதபாடம் வாசிக்கவும் அழைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் 'அழுகல் மேடம்' என்றார்கள். அதே வாய்கள்தான் அடக்கத்தன்று வரிசையாக எழுந்து புகழ்ந்தன.

செயலர் 'சாந்த சொரூபி' என்றபோது என் முகம் தானாகச் சுளித்தது. பேச்சின் நடுவே அவர் என்னைப் பார்த்துவிட்டார், ஒரு கணம் தடுமாறினார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சுளிப்புதான். அதை யாருக்காகவும் விடப்போவதில்லை.