செக்ரோலில் இல்லாதவர்களின் கடிதங்கள்

நான்கு வருடங்களுக்கு முன், சித்திரை வருடப்பிறப்பு முடிந்த மறுவாரம் நடந்தது இது. இடம், நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. கொஞ்சம் காரமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். கம்பஸ் முடித்து, உதவித்தொகையில் வெளிநாடு போய், பௌதிகவியலில் கலாநிதிப் பட்டமும் வாங்கிவிட்டேன். அணுவைவிடச் சிறிய துகள்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, சிதறுவதைப் பதிவு செய்யும் ராட்சத டிடெக்டர் ஒன்றில் அப்போதுதான் ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. வருடக்கணக்காகக் கதிர் பட்டுக் கெட்டுப்போன அதன் உள் அடுக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுகிறார்கள். மாட்டுவதற்கு முன் மெல்லிய சிலிக்கன் தகடுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது என் பங்கு. அதற்காகவே இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சொன்ன தேதிக்கு நான் போய் நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இதையும் தெளிவாக எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

விசாவுக்கு வேலை அனுமதிப் பத்திரத்தின் மூலப்பிரதி வேண்டும். ஈமெயிலில் வந்தது செல்லாது. அவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் நேர்காணல் திங்கட்கிழமை. நான் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்துவிட்டுப் போனில் தேடிப் பார்த்தால், எட்டு நாளைக்கு முன்பே தோட்டத்தில் ஒப்படைத்தாயிற்று என்று காட்டுகிறது!

எங்களுக்குத் தபால் வரும் அழகைச் சொல்ல வேண்டும். லயத்து வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே முகவரி, தோட்டத்தின் பெயர். தபால்காரர் லயத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தோட்டத்து ஆள் ஒருவர் பையோடு போய் மொத்தமாக வாங்கி வந்து ஆபீஸில் கொட்டுவார். கிளாக்கர் பிரித்து, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் கொடுத்தனுப்புவார். யாருடைய கடிதம் எப்போது கைக்கு வரும் என்பது அவர் மனசைப் பொறுத்தது.

செவ்வாய்க்கிழமை போனேன். கிளாக்கர் தலையைக்கூடத் தூக்காமல், அப்படி ஒன்றும் வரவில்லை என்றார். புதன்கிழமை போனேன். அவர் பெக்டரிக்குப் போய்விட்டாராம், நாளைக்கு வரச் சொன்னார்கள். இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஐயா, கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். வெளிநாட்டில் பேராசிரியரிடமே முகத்துக்கு நேராக உங்கள் கணக்கு பிழை என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். எங்கள் தோட்டத்து ஜன்னலுக்கு முன்னால் மட்டும் வாய் தானாகக் குழைந்துவிட்டது.

வியாழக்கிழமை அம்மாவும் கூட வந்தார். நான் போனைக் காட்டி, ஆபீஸ் முத்திரை குத்தி வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறது என்றேன். கிளாக்கருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன, பொலிஸ் மாதிரி விசாரிக்கிற? ஒங்க வீட்ல யார் பேரு செக்ரோல்ல இருக்கு? செக்ரோல்ல இல்லாத பேருக்குக் காயிதம் வந்தா திருப்பி அனுப்பிருவோம். மாசக் கடைசியிலதான் அனுப்புறது. அதுவரைக்கும் கெடக்கும்."

செக்ரோல் என்றால் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்களின் பட்டியல். அம்மா ரிட்டையர் ஆகிவிட்டார். அப்பா இல்லை. தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். ஆக, ஆபீஸ் கணக்குப்படி அந்த வீட்டில் மனிதரே இல்லை. இப்படி ஒரு சட்டத்தை எந்த மகராசன் போட்டானோ, யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது.

அம்மாதான் பேசினார். "கிளாக்கரய்யா, முப்பத்தெட்டு வருசம் இந்த மலையில கொழுந்து எடுத்திருக்கேன். இப்ப செக்ரோல்ல இல்ல, சரி. லயத்துல இருக்கேன்ல? எம் புள்ள பேரு எழுதி வந்த காயிதத்த நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?" குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் நகரவும் இல்லை.

கிளாக்கர் முணுமுணுத்துக்கொண்டே அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து மேசையில் வைத்தார். பெட்டி நிறையக் கடிதங்கள். என்னுடையது இரண்டாவதாக இருந்தது. அதற்கும் மேலே அரசாங்க முத்திரையோடு ஒரு நீளமான பழுப்பு உறை. பெயரைப் பார்த்தேன். என்னோடு உயர்தர வகுப்பில் படித்த கீழ் லயத்துத் தோழி. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்தவள். கையில் வேலை இல்லாததால் கைக்காசுக்கு, அதாவது பேர் பதியாமல் அன்றாடக் கூலிக்கு, இதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் மலையில் இவர்களுக்கே கொழுந்து பறிக்கிறவளுக்கு இவர்கள் ஆபீஸில் பேர் இல்லை. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நான் அந்த உறையைத் தொட்டேன். "ஒன்னுத மட்டும் எடு. அடுத்தவங்க காயிதம் ஒனக்கெதுக்கு?" என்றார் கிளாக்கர்.

கையை எடுத்துவிட்டேன்.

முரண்டு பிடித்தால் என் கடிதத்தையும் பிடுங்கி வைத்துக்கொள்வாரோ என்று பயம். கையெழுத்துப் போட்டேன், வாங்கினேன், அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்படியே நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். போட்டோ கொப்பி, மொழிபெயர்ப்பு, படம் என்று ஓடி முடித்துத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அதன் பிறகுதான் தோழி வீட்டுக்குப் போய், ஆபீஸ் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே உனக்கு ஒரு கடிதம் கிடக்கிறது என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆனால் ஆபீஸ் பூட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகாமல் விடிந்ததும் போய் ஆபீஸ் வாசலில் நின்றாள். கிளாக்கர் வந்தது பத்தேகாலுக்கு. உறையைக் கிழித்துப் பார்த்தால், நேர்முகத் தேர்வு அன்றைக்குத்தான். நுவரெலியாவில், காலை ஒன்பது மணிக்கு.

அப்படியும் ஓடினாள். பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஆள் எடுத்தபோது அவளுக்கு வயது எல்லை தாண்டியிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து மனேஜரான துரையிடம் போனேன்; கவனிக்கிறோம் என்று சிரித்தார். தபால் மேலதிகாரிகளுக்கு நீளமாக முறைப்பாடு எழுதினேன். பதில் அனுப்பியிருந்தால் அது எந்த முகவரிக்கு வந்திருக்கும், எந்தப் பெட்டியில் கிடந்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அம்மா இப்போது டவுனில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் புடவைக்கடை முகவரியைத்தான் கொடுக்கிறார். லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அந்த நானா ஒருவருடைய கடிதத்தையும் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை.

எனக்கு விசா கிடைத்தது. சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாங்கள் மாட்டிய அந்த உள் அடுக்கில் விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுக்குக்கூட ஓர் இலக்கம் உண்டு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குப் பதிவு உண்டு. ஒன்று சத்தமில்லாமல் போனால் காரணம் தெரியும்வரை ஒருவரும் விடமாட்டோம். முதல் நாள் அதை விளக்கியபோது எல்லோரும் வியந்தார்கள். நான் அலுமாரிக்கு அடியில் கிடந்த அந்த அட்டைப்பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோழியைப் பார்க்கப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"மேலதானேடி கெடந்துச்சு?"

கிளாக்கர் மேலும் தோட்டத்தின் மேலும் எனக்குள்ள கோபம் இம்மியும் குறையவில்லை, குறையவும் விடமாட்டேன். ஆனால் கோபப்படும் ஒவ்வொரு முறையும், அந்த உறையைத் தொட்டுவிட்டு எடுத்த என் கையும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.