கழுத்தில் தொங்கிய விசில்

போர்க்காலம். மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த பெண்கள் திருகோணமலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். நித்திரையில் திடுக்கிட்டு எழும்பும் அவர்களுக்கு யோகாசனம் பழக்கப் போனேன். நான் உடற்பயிற்சி ஆசிரியை. மைதானப் பழக்கத்தில் கழுத்தில் விசிலோடே போய்விட்டேன்.

முதலில் நின்றபடி மூச்சுப் பயிற்சி. அடுத்தது குப்புறப் படுத்துச் செய்யும் ஆசனம். அதைச் சொல்வதற்காக, கதைத்துக்கொண்டிருந்தவர்களை அமைதியாக்க நீளமாக விசில் ஊதினேன். நான் வாய் திறக்கும் முன்பே அத்தனை பேரும் குப்புறக் கிடந்தார்கள்.

"அட, சொல்ல முதலே படுத்திட்டீங்களே! நல்ல கெட்டிக்காரர் நீங்கள்" என்று பெருமையோடு சிரித்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் இரு கைகளாலும் தலையைப் பொத்தியிருந்தார். "கையைப் பக்கத்தில வையுங்கோ" என்று பிடித்து எடுக்கப் பார்த்தேன். கண் திறக்காமலே கேட்டார்:

"டீச்சர், ஷெல் எங்க விழுந்தது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது: எறிகணையும் விழுமுன் இப்படித்தான் நீளமாகக் கூவி வரும்.

"ஷெல் இல்லை. நான்தான்... விசில் ஊதினனான்."

அவர் மெல்லத் தலையைத் தூக்கி, பக்கத்தில் கிடந்தவரின் முதுகைத் தடவினார்.

"பயப்பிடாதேங்கோ, எழும்புங்கோ. டீச்சர் சும்மா ஊதினவ."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தச் 'சும்மா'வைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.