காகிதம் நிறுத்திய வீடு

எங்கள் ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அவள் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின் ஓரம் கத்தி வைத்து வெட்டியது போல நிற்கும். நாங்கள் கோணலாக மடித்தால் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "விரிப்புக்கும் உன்னை மாதிரியே இடுப்பு வலியாடி?" என்பாள். கோபமே வராது. அவ்வளவு பிரியமாக மானத்தை வாங்குவாள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்துப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவளுக்கு எதிர்ப்பக்கம் பல வருடமாக நான்தான். இப்படி ஒருத்தியோடு வேலை செய்தால் முகத்தைவிட அவள் கை நன்றாகப் பழகிவிடும். அந்தக் கையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

லாண்டரி நடுவே ஒரு சுவர் உண்டு. இந்தப் பக்கம் அழுக்குத் துணி, அந்தப் பக்கம் வெளுத்த துணி. அக்கா முதலில் அழுக்குப் பக்கம்தான் இருந்தாள். மருந்துத் தண்ணீரில் ஊறிய துணியை அள்ளி அள்ளி அவள் கைத்தோல் கெட்டுப்போனது. விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிந்தது. எங்கள் ஆஸ்பத்திரி தோல் டாக்டரே பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"இது முழுசாப் போகாதும்மா. அடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். தண்ணில கை வெக்கறதக் குறைங்க. வெச்சா உடனே பேப்பரால ஒத்தி எடுங்க. ஈரத் துணில துடைக்காதீங்க. ரப்பர் உறையும் வேண்டாம், உள்ள வேர்த்து இன்னும் கெடுக்கும்."

அதன்பிறகுதான் அவளைச் சுத்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே தண்ணீர் கிடையாது. ஆனால் ஒரு சட்டம் உண்டு. காலையில் உள்ளே நுழையும்போது வாசலில் நிற்கிற சூப்பர்வைசரிடம் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் பார்ப்பார். வெடிப்போ புண்ணோ இருந்தால் உள்ளே விடமாட்டார். நாங்கள் மடிக்கிற துணி ஆபரேஷன் மேசைக்குப் போகிற துணி. அதனால் அந்தச் சட்டத்தை யாரும் குறை சொன்னதில்லை.

ஆக, கை காய்ந்திருந்தால் அக்காவுக்கு வேலை. வேலை இருந்தால் வீட்டில் ஒரு இடம்.

அவள் தம்பி வீட்டில் இருந்தாள். புருஷன் விட்டுப்போன கதையை ஒரே ஒரு முறை சொன்னாள், அதையும் விரிப்பை உதறிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். தம்பி லிப்ட் மெக்கானிக், தங்கமான ஆள்தான். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே கட்டில் மட்டும் கொள்கிற அறை அவளுக்கு. அந்த வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தும் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. "சம்பளம் வர்ற வரைக்கும்தான்டி நான் அக்கா. அது நின்னா ஒட்டிக்கிட்டு இருக்கற ஆளு" என்பாள். நான் திட்டுவேன். திட்டினால் பயம் போய்விடுமா?

டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே தம்பி கை நிறையப் பேப்பர் ரோலும், பேப்பர் தட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். "இனிமே பாத்திரம் கழுவற வேலையே கிடையாது. அக்கா கையில ஈரம் படக்கூடாது" என்றானாம். இதை அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போல.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண்டாட்டி பள்ளிக்கூட டீச்சர். ஒரு பெண் பிறந்தது, ரொம்ப நாள் கழித்து ஒரு பையன். பேப்பர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது, எதற்கு வந்தது என்பது எல்லோருக்கும் மறந்துபோனது. தட்டோடு கப் வந்தது, கப்போடு டிஷ்யூ வந்தது, குழந்தைக்குத் தூக்கி எறிகிற டயபர் வந்தது. தரையில் ஒரு வாய் தண்ணீர் சிந்தினால் அரை ரோல் காலியாகும். நானே பார்த்திருக்கிறேன். கொஞ்சம் அட்டகாசமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

டீச்சரையும் தப்பு சொல்ல முடியாது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் குப்பைமேடு. அது எரிந்து புகை வகுப்புக்குள் வரும். பிள்ளைகள் இருமிக்கொண்டே பாடம் படிக்கும். ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளை மூச்சு வாங்கி மயங்கி விழுந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவள் தன் வீட்டுக் குப்பைப் பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். முக்கால்வாசியும் பேப்பர்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். இனி வீட்டில் காகிதம் கிடையாது. பழைய துணிகளை வெட்டிக் கைத்துண்டு தைக்கலாம். குழந்தைக்குத் துணி. சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு. அவரவர் சாமானை அவரவர் கழுவிக்கொள்ள வேண்டும்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்கு மட்டும் ஒரு ரோல் இருக்கட்டுமேம்மா?"

"ஆளுக்கு ஒண்ணு கேட்டா அப்புறம் எதை நிறுத்தறது, அக்கா?" என்று டீச்சர் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். அக்கா மடியில் போட்டுக் கொஞ்சி வளர்த்த தம்பி மகளும் சிரித்தாள். அவர்கள் சிரித்ததில் விஷம் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். இருந்திருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள்.

கைத்துண்டுகளை அக்காவே தைத்தாள். யாருடையது எது என்று தெரிய மூலையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

முதல் வாரம் அவரவர் தட்டை அவரவர் கழுவினார்கள். அப்புறம் டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை வந்தது. தம்பிக்கு எங்கோ லிப்ட் பாதியில் நின்றது. பெண்ணுக்குப் பரீட்சை. அக்காவின் வேலை மத்தியானமே முடிந்துவிடும், முதலில் வீட்டுக்கு வருகிறவள் அவள்தான். தொட்டியில் பாத்திரம் கிடக்கும், வாளியில் குழந்தையின் துணி கிடக்கும். துவைக்கிற மெஷின் இருந்தது. ஆனால் குழந்தையின் துணியை அப்படியே அதில் போட முடியுமா? கையால் அலசிக் கறையைத் தேய்த்த பிறகுதான் போட முடியும். யாரும் அவளைச் செய் என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் அவள்.

"உன் கைக்காகத்தான் பேப்பர் வந்துச்சுன்னு சொல்லேன்க்கா" என்றேன் மடிக்கிற மேசையில்.

"சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும்டி. அவ என்ன கெட்டதா பண்றா? ஊருக்கே நல்லது."

"ஊருக்கு நல்லதுன்னா ஊரு வந்து அலசட்டும்."

"நீ பேசாம முனையப் பிடி" என்றாள்.

அவளே ஒரு ரோல் வாங்கித் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை கழுவியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விரல் விரலாக ஒத்தி எடுப்பாளாம். தம்பி மகள் பொல்லாத வாண்டு. யாராவது பேப்பரைத் தொட்டால் கூச்சல் போடுவது அவளுடைய விளையாட்டு. ஒருநாள் கத்தரிக்கோல் தேடப் போய் ரோலை எடுத்துவிட்டாள். "அத்தை கடத்தல் பண்றாங்க!" என்று கூடத்துக்குக் கொண்டுவந்து நீட்டினாள். வீடே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாளாம். என்னிடம் சொல்லும்போதும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு அவள் ரோல் வாங்கவில்லை.

கை பழையபடி வெடிக்க ஆரம்பித்தது. முதலில் விரலிடுக்கு, பிறகு மூட்டுகள். காலையில் களிம்பு தடவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நீட்டுவாள். சூப்பர்வைசர் கொஞ்ச நாள் பார்த்தும் பார்க்காதது போல விட்டார். அப்புறம் ஒருநாள் வார்டிலிருந்து ஒரு விரிப்பு திரும்பி வந்தது. வெள்ளையில் ஒரு துளி ரத்தம், மடிப்புக்குள்ளே. அத்தனை நேர்த்தியாக மடிக்க எங்களில் வேறு யாருக்கும் வராது. யார் மடித்தது என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

"கை ஆறினப்புறம் வாங்கம்மா. லீவு எடுத்துக்கங்க" என்றார் அவர். நல்ல மனுஷன்தான்.

கையை ஆற்றுவதற்கு லீவு, லீவைக் கழிப்பதோ அந்த வீட்டில். எப்படி ஆறும்? முன்பு மத்தியானத்துக்கு மேல் நனைந்த கை இப்போது விடிந்ததிலிருந்து நனைந்தது. "நல்லதாப் போச்சுக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்று டீச்சர் சொன்னாளாம். வெடிப்பைப் பார்த்து, "குளிருக்கு எனக்கும் இப்படித்தான் ஆகும்" என்று எண்ணெய்ப் புட்டியும் கொடுத்தாளாம். அக்கா இரண்டு முறை வந்து வாசலில் கையை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாவது முறை வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். அழுக்குப் பக்கத்திலும் அந்தக் கையோடு சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் லாக்கரில் கிடந்த செருப்பு, டீ பிளாஸ்க், களிம்பு டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தம்பிதான் கதவைத் திறந்தான். டீச்சர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். கொடியில் கலர் நூல் போட்ட துண்டுகள் வரிசையாக ஆடின. "பாருங்க, முன்னல்லாம் தினம் ஒரு பை குப்பை. இப்ப வாரத்துக்கே ஒண்ணுதான்" என்றாள். குப்பைமேடு என்னவோ அன்றும் புகைந்துகொண்டுதான் இருந்தது, வரும் வழியில் பார்த்தேன். அக்கா சமையலறையில் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

தம்பி பையைப் பார்த்தான். "என்ன இதெல்லாம்?"

"அவங்க லாக்கர காலி பண்ணிட்டாங்க. வேலை போயிடுச்சே, சொல்லலியா?"

"லீவுன்னுதானே சொன்னா?"

"லீவு கை ஆறறதுக்கு. எங்க ஆறும்? காலையிலேர்ந்து உங்க வீட்டுத் தண்ணிலதானே ஊறுது."

"ஏய், வாய மூடு" என்று உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள். நான் மூடுகிற நிலைமையில் இல்லை.

"நாங்க எதையும் செய்யச் சொல்லலியே" என்றாள் டீச்சர்.

"சொல்லல. செய்யாதீங்கன்னும் சொல்லல." தம்பியின் பக்கம் திரும்பினேன். "இந்த வீட்டுக்குப் பேப்பர் முதல்ல எதுக்கு வந்துச்சு? யோசிச்சுப் பாருங்க. வாங்கிட்டு வந்தவர் நீங்கதானே?"

அவன் யோசித்தான். ஞாபகம் வந்த நிமிடத்தை அவன் முகத்தில் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றாள்.

"ஒரு ரோல் கேட்டேனேம்மா" என்றாள் அக்கா. குத்திச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

தம்பி திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் பேப்பர் ரோல் கட்டு. டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் வாங்கி வந்தவனும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அதை மேசையில் வைத்துவிட்டு அக்காவைப் பார்க்க முடியாமல் நின்றான். வாண்டு கூச்சல் போடவில்லை. கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றது.

"எதுக்குடா இதெல்லாம்?" என்றாள் அக்கா.

"கைக்கு, அக்கா."

"வேலைக்காகத்தானே கையக் காய வெச்சேன். இனிமே காஞ்சு யாருகிட்ட நீட்டப் போறேன்?"

கட்டைப் பிரிக்காமலே தூக்கி பிரிட்ஜ் மேல் வைத்தாள். "நான் கழுவறேன் அத்தை" என்று வாண்டு முனகியது. "கிடக்கறது கொஞ்சம்தான், நீ போய்ப் படி" என்று அதன் தலையைத் தொடப் போய், கை ஈரமாக இருந்ததால் தொடாமல் விட்டாள்.

நான் கிளம்பினேன். கொடியில் ஒரு படுக்கை விரிப்பு காய்ந்து கிடந்தது. "இருடி, இதுக்கு ஆள் வேணும்" என்று உருவி எடுத்து இரண்டு முனையை என் கையில் கொடுத்தாள். உதறினோம், இழுத்தோம், எதிரெதிரே நடந்தோம். முனையோடு முனை சேர்த்தபோது அவள் விரல்களைக் கிட்டத்தில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவள் பிடித்திருந்த ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புத் துளி விழுந்திருந்தது. அவளும் பார்த்தாள்.

லாண்டரியாக இருந்தால் அந்த விரிப்பைச் சுவர் தாண்டி அழுக்குப் பக்கம் தூக்கி எறிந்திருப்போம். அக்கா துளி உள்பக்கம் போகும்படி ஓரத்தைத் திருப்பி மடித்தாள். நான் என் முனைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.